அலெக்ஸோ அமைச்சர்களுக்கு: படிக்க அனுமதி கொடுங்கள்

துனிஸ் நகரில் தலைமையகம் கொண்ட அலெக்ஸோ என்னும் அரபுக் கல்வி, பண்பாடு, அறிவியல் அமைப்பின் 22 உறுப்பு நாடுகளின் அமைச்சர் பெருமக்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் தமிழ்நாட்டின் கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்தவன். சிறு வயதில் மதரஸாவில் அரபி ஓதினேன், பிறகு கல்லூரியில் வரலாறு படித்தேன். இப்போது இந்தியப் பெருங்கடல் வணிகம் பற்றி எழுதி வருகிறேன். உங்கள் நாடுகளின் காப்பகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வாளருக்கு அனுமதி கிடைக்காததைப் பற்றியது இந்த மடல். "எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேச இவன் யார்" என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. பதிலாக ஒரு புத்தகத்தைத்தான் காட்ட முடியும்.

13ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் யெமனை ஆண்டவர் ரசூலித் வம்சத்து சுல்தான் அல்-முஸஃப்பர் யூசுஃப். அவருடைய அரசாங்கக் கணக்கு வழக்குகளின் தொகுப்பு ஒன்று 'நூருல் மஆரிஃப்' என்ற பெயரில் சனாவில் 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வந்தது. ஏடன் துறைமுகத்தில் எந்தச் சரக்குக்கு எவ்வளவு தீர்வை, சந்தையில் என்ன விலை, அரண்மனைச் சமையற்கட்டுக்கு என்ன போனது என்று பக்கம் பக்கமாக ஓடும். இடையில் ஒரு பட்டியல் வரும். இந்தியக் கடற்கரை ஊர்களில் இருந்த காஜிகளுக்கும் (மார்க்க நீதிபதிகள்) கதீபுகளுக்கும் (பள்ளிவாசலில் உரை நிகழ்த்துபவர்கள்) ஏடனிலிருந்து ஆண்டுதோறும் அனுப்பிய உதவித்தொகை விவரம் அது. வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையான குத்பாவில் எந்த சுல்தானின் பெயரைச் சொல்வது என்பதற்கும் துறைமுக வணிகத்துக்கும் இருந்த தொடர்பை இந்தப் பட்டியலை வைத்துத்தான் இன்று ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். எங்கள் கடலோர முஸ்லிம்களின் பழைய கதையைச் சொல்ல இதுபோல் இன்னொரு சான்று கிடைப்பது அபூர்வம்.

இதைப் படியெடுத்து, சொல்லுக்குச் சொல் குறிப்பெழுதி அச்சுக்குக் கொண்டுவந்தவர் முஹம்மத் அப்துர் ரஹீம் ஜாஸிம் என்ற யெமன் அறிஞர். வெளியிட்டது அப்போது சனாவில் இருந்த பிரெஞ்சு ஆய்வு மையம். உலகின் ஏழை நாடுகளில் ஒன்றில் உட்கார்ந்து அவர் செய்த வேலையை நம்பித்தான் பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கட்டுரைகள் வருகின்றன. என் எழுத்தும் அதை நம்பித்தான் நடக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் நாடுகளின் வரலாறு, இலக்கியம் போன்ற கலைப்புலத் துறைகள் நொடித்தால் என் ஊரின் வரலாறும் சேர்ந்து நொடிக்கும்.

அரபுலகில் வரலாறு, இலக்கியம், தத்துவம், சமூகவியல் ஆய்வுகள் ஏன் பின்தங்கின என்று கேட்டால் மாநாடுகளில் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும்: பணம் போதவில்லை, தரமான ஆள் இல்லை. பணம் போதாது என்பது உண்மை. பெரும்பாலான அரபு நாடுகள் ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, அதிலும் கலைப்புலத்துக்கு வருவது அடிச்சட்டி. ஆள் இல்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொராக்கோவின் ரபாத்தில் தத்துவம் கற்பித்த முஹம்மத் ஆபித் அல்-ஜாபிரி 1984 முதல் நான்கு தொகுதிகளாக அரபுச் சிந்தனை முறையை அலசினார். அலெப்போவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஜார்ஜ் தராபிஷி, அதை மறுப்பதற்கென்றே கால் நூற்றாண்டைச் செலவிட்டார். மேற்கோளுக்கு மேற்கோள் மூலத்தைத் தேடிப்போய் ஒப்பிட்ட மறுப்பு அது. அப்படி ஒரு சண்டை நடக்கிற மொழியை வறண்ட மொழி என்று யாராவது சொல்வார்களா? படிக்க ஆள் இல்லை என்பதும் பொய். குவைத்தின் 'ஆலமுல் மஅரிஃபா' வரிசை 1978இலிருந்து மாதம் ஒரு கனமான நூலைப் பத்திரிகை விலையில் கொடுத்து வந்தது. மொராக்கோ முதல் ஓமான் வரை அந்த வரிசையில் படித்து வளர்ந்தவர்கள் ஒரு தலைமுறையே உண்டு.

பணத்துக்கும் ஆளுக்கும் அப்பால் பேசப்படாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. அனுமதி. காப்பகத்தில் ஏட்டைத் திறக்க அனுமதி, தெருவில் ஒருவரிடம் கேள்வி கேட்க அனுமதி, கேள்வியையே கேட்க அனுமதி. இவை மூன்றும் கல்வி அமைச்சகத்தின் கையில் இல்லாமல் உள்துறையின் கையில் இருக்கின்றன. என் குறை மொத்தமும் இதுதான்.

காய்ரோவை எடுத்துக்கொள்வோம். நைல் கரையில் நிற்கும் தேசிய ஆவணக்காப்பகம் உலகின் பெரும் காப்பகங்களில் ஒன்று. உஸ்மானியர் காலத்துக் காஜிமன்றப் பதிவேடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. முஹம்மத் அலி பாஷா காலத்துப் படை, மருத்துவம், காவல் ஆவணங்களும் அங்கேதான். அந்தத் தாள்களிலிருந்து சாதாரணப் படைவீரனின் வாழ்க்கையை மீட்டெடுத்துக் காட்டிய வரலாற்றாசிரியர் காலித் ஃபஹ்மி, வாசகர் அறைக்குள் நுழைவது எவ்வளவு கடினம் என்று பல்லாண்டுகளாகப் பொதுவெளியில் சொல்லி வருகிறார். ஆய்வுத் தலைப்பை எழுதிக் கொடுக்க வேண்டும். அது பாதுகாப்புத் துறைக்குப் போகும். மாதங்கள் ஓடும். மறுத்தால் காரணம் எழுத்தில் வராது. கிடைத்தாலும் தலைப்புக்கு உட்பட்டதைத்தான் கேட்கலாம். ஒரு பதிவேட்டைப் புரட்டும்போது பக்கத்தில் கிடக்கும் வேறொன்று கண்ணில் பட்டு, அதைப் பின்தொடர்ந்து போவதுதான் வரலாற்று ஆய்வின் பாதி என்பதை அந்த விண்ணப்பப் படிவத்தை வடிவமைத்தவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இதன் விளைவை 1967 ஜூன் போரில் பாருங்கள். ஒரு தலைமுறையின் முதுகெலும்பை முறித்த தோல்வி அது. அதைப் பற்றி ஆய்வு செய்யும் எகிப்திய மாணவர் எங்கே போவார்? இஸ்ரேலிய ஆவணங்கள் பெருமளவு திறந்துவிட்டன, அமெரிக்க, பிரிட்டிஷ் ஆவணங்களும் திறந்துவிட்டன. எகிப்து அரசின் தாள்கள் பூட்டில் இருக்கின்றன. எகிப்துத் தரப்பில் கையில் கிடைப்பவை தளபதிகளின் நினைவுக்குறிப்புகளும், பத்திரிகையாளர் முஹம்மத் ஹசனைன் ஹைக்கல் தம் கைவசமிருந்த அரசாங்கப் பிரதிகளை வைத்து எழுதியவையும்தான். அரசின் தாள்கள் ஒரு பத்திரிகையாளரின் அலமாரியில் இருக்கலாம், பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைக்கு மட்டும் கூடாது. தோற்றவர் தம் தோல்வியைத் தெரிந்துகொள்ள எதிரியின் காப்பகத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறார். எதிரி காட்ட விரும்பியதுதானே அங்கே கிடைக்கும்? (எங்கள் நாடும் இதில் உத்தமம் இல்லை. 1962 சீனப் போர்த் தோல்வி பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை இன்னும் தில்லியில் பூட்டிக் கிடக்கிறது.)

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. ஊரைச் சொல்லவில்லை, அங்கே வேலை பார்ப்பவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. ஓர் அரபுத் தலைநகரின் காப்பகத்தில் 17ஆம் நூற்றாண்டுக் காஜிமன்றப் பதிவேடுகளில் இந்திய வணிகர் பெயர்களைத் தேட அனுமதி கேட்டிருந்தேன். மேசையில் இருந்த பெரியவர் ஏலக்காய் போட்ட காப்பி கொடுத்து உட்கார வைத்து, நான் தேடுவது எந்த வரிசையில், எந்த எண்களுக்கு இடையில் இருக்கும் என்பதைக்கூட மனப்பாடமாகச் சொன்னார். அந்தப் பதிவேடுகளோடு ஆயுள் முழுவதும் வாழ்ந்தவர். ஆனால் ஒன்றைக்கூட எடுத்து வைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. "மேலேயிருந்து வரணும்" என்று விரலை மேலே காட்டினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள் எங்கள் ஊரில். அங்கே பூசாரி தயார், சாமிதான் வாய் திறக்கவில்லை. 350 வருடத்துக்கு முந்தைய மிளகு வியாபாரியால் இன்றைய அரசுக்கு என்ன ஆபத்து வந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்றைச் சொல்கிறேன். 2003 ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்த நாட்களில் ஈராக் தேசிய நூலகமும் காப்பகமும் கொளுத்தப்பட்டன. அந்த ஆண்டின் கடைசியில் பொறுப்பேற்ற இயக்குநர் சாத் எஸ்கந்தர், கரி படிந்த கட்டடத்தைச் சுத்தம் செய்து, ஊழியர்களைத் திரட்டி, வாசகர்களை மறுபடி உள்ளே விட்டார். 2006, 2007இல் தெருவுக்குத் தெரு கொலை நடந்த காலத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பை பிரிட்டிஷ் நூலகம் தன் இணையதளத்தில் வெளியிட்டது. கொல்லப்பட்ட ஊழியர்கள், வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள், சன்னலைத் துளைத்த குண்டுகள், அவற்றுக்கு நடுவே பட்டியலிடும் வேலை எவ்வளவு நடந்தது என்ற கணக்கு. 2007 மார்ச் 5 அன்று முதனப்பி தெருவின் புத்தகக் கடைகளுக்கு நடுவே குண்டு வெடித்ததும் அந்தக் காலத்தில்தான். குண்டு மழையில் ஒரு காப்பகம் கதவைத் திறந்து வைக்க முடிந்தது. அமைதியாக இருக்கும் தலைநகரங்களில் அது முடியாது என்று நீங்கள் சொன்னால் நான் எப்படி நம்புவது?

அழிவுகளை மறந்துவிட்டு எழுதவில்லை. 1982இல் பெய்ரூட்டுக்குள் நுழைந்த இஸ்ரேலியப் படை பாலஸ்தீன ஆய்வு மையத்தின் நூல்களையும் தாள்களையும் வண்டியேற்றிக்கொண்டு போனது. மோசூல் பல்கலைக்கழக நூலகத்தை ஐஎஸ் கும்பல் எரித்தது. 2023இல் ஓம்துர்மானில் அஹ்லியா பல்கலைக்கழகத்தின் சூடான் ஆய்வு நூலகம் தீக்கிரையானது. காஸாவில் பல்கலைக்கழகம் என்று நிற்கும் கட்டடமே அரிதாகிவிட்டது, இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ரிஃபாத் அல்-அரீர் 2023 டிசம்பரில் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட அழிவுகளுக்கு உங்கள் அமைப்பு கண்டன அறிக்கை விடுகிறது. விட வேண்டியதுதான். எரித்தவனைக் கண்டிக்கும் அதே மேசையில், பூட்டி வைத்திருப்பவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எரிந்த ஏட்டையும் படிக்க முடியாது, பூட்டிய ஏட்டையும் படிக்க முடியாது.

அடுத்து, தெரு. எகிப்தில் ஒரு வினாத்தாளை வைத்துக்கொண்டு மக்களிடம் கருத்தாய்வு நடத்த மத்தியப் புள்ளிவிவர முகமையின் அனுமதி வேண்டும். எந்தக் கேள்வி கேட்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள். அனுமதி இல்லாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜூலியோ ரெஜேனியின் பெயரே போதும். கேம்பிரிட்ஜ் மாணவர், தெருவோர வியாபாரிகளின் சங்கம் பற்றி ஆய்வு செய்தார், 2016 ஜனவரி 25 அன்று காய்ரோவில் காணாமல் போனார். சில நாட்களில் சாலையோரம் உடல் கிடந்தது, சித்திரவதைத் தழும்புகளோடு. இத்தாலியர் என்பதால் உலகம் அவரை அறிந்தது. நீதித்துறை பற்றி ஆய்வு செய்த, அமெரிக்காவில் முனைவர் பட்டம் படித்துவந்த எகிப்திய மாணவர் ஒருவர் 2018இல் கைதாகி, வெளியே வந்த பிறகும் நாட்டை விட்டுப் போக முடியாமல் கிடந்தாரே, அவரைப் பற்றி எத்தனை அரபுப் பல்கலைக்கழகங்கள் ஒரு வரி எழுதின? இதைப் பார்க்கும் இளம் ஆய்வாளர் என்ன தலைப்பை எடுப்பார்? அப்பாஸியர் காலக் கவிதையில் உவமை அணி. அதில் தவறில்லை, நல்ல தலைப்புத்தான். பயத்தால் எடுக்கும்போது அதுவும் சோடை போகிறது.

அந்தப் பழங்கவிதையாவது பத்திரமானதா என்றால் அதுவும் இல்லை. 1980 மார்ச் 10 அன்று அல்ஜீரியாவின் திஸி ஊஸு பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் மூலூத் மம்மெரி பெர்பர் மக்களில் ஒரு பிரிவினரான கபிலியரின் பழைய கவிதைகளைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. அதிகாரிகள் தடுத்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஏப்ரலில் அந்தப் பிரதேசமே கொதித்தது. பெர்பர் வசந்தம் என்று இன்று வரலாற்றில் நிற்பது அதுதான். பேச விட்டிருந்தால் அரங்கத்தோடு முடிந்திருக்கும்.

கேள்வி கேட்கும் உரிமைக்கு வருகிறேன். எகிப்தில் இதற்கு நூறாண்டுக் கதை உண்டு. 1926இல் எழுத்தாளர் தாஹா ஹுசைன், இஸ்லாத்துக்கு முந்தைய காலத்தவை என்று நாம் ஓதும் கவிதைகளில் பெரும்பகுதி பின்னால் இட்டுக்கட்டப்பட்டவை என்று எழுதினார். காய்ரோவின் இஸ்லாமியக் கல்விப் பீடமான அஸ்ஹரிலிருந்து புகார் போனது, விவகாரம் அரசு வழக்கறிஞர் முஹம்மத் நூர் மேசைக்கு வந்தது. அவர் எழுதிய முடிவுரையைப் படித்தவர்கள் வியப்பார்கள். நூலைப் பகுதி பகுதியாக எடுத்து வாதாடுகிறார், இந்த இடத்தில் ஆசிரியரின் ஆதாரம் பலவீனம், அந்த இடத்தில் முடிவு அவசரம் என்று கண்டிக்கிறார். கடைசியில், எழுதியவரின் நோக்கம் ஆய்வு, குற்ற எண்ணம் இல்லை என்று 1927 மார்ச்சில் கோப்பை மூடிவிடுகிறார். பிறகு தாஹா ஹுசைனும் சர்ச்சைப் பகுதிகளை நீக்கித்தான் மறுபதிப்புப் போட்டார் என்பதையும் சொல்ல வேண்டும், பொற்காலம் என்று எதுவும் இல்லை. ஆனால் 1932இல் அரசு அவரைக் கலைத் துறைத் தலைவர் பதவியிலிருந்து தூக்கியபோது, இன்று காய்ரோப் பல்கலைக்கழகம் எனப்படும் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர் அஹ்மத் லுத்ஃபி அஸ்-ஸய்யித் மார்ச் 9 அன்று ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அப்படி ஒரு முதுகெலும்பு அங்கே இருந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் நஸ்ர் ஹாமித் அபூ ஸைத் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தார். குர்ஆன் விரிவுரை மரபையும் பிரதியை வாசிக்கும் முறைகளையும் பற்றி எழுதியவர். 1993இல் மறுத்தார்கள். குழுவில் ஒருவர் எழுதிய அறிக்கை ஆய்வை விட்டுவிட்டு ஆய்வாளரின் ஈமானை, அதாவது மார்க்க நம்பிக்கையை, எடைபோட்டது. அறிக்கை பள்ளிவாசல் மேடைக்குப் போனது, அங்கிருந்து நீதிமன்றத்துக்குப் போனது. 1995இல் பல்கலைக்கழகம் ஒருவழியாகப் பதவி உயர்வைக் கொடுத்தது, அதே ஆண்டு ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை இஸ்லாத்தை விட்டு விலகியவர் என்று சொல்லித் திருமணத்தையே ரத்து செய்தது. கணவனும் மனைவியும் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனார்கள். 1927இன் அரசு வழக்கறிஞருக்கு இருந்த வாசிப்புப் பொறுமை 1993இன் பேராசிரியர் குழுவுக்கு இல்லாமல் போனதுதான் எனக்கு உறைக்கிறது. முல்லாக்களையும் போலீஸையும் திட்டுவது எளிது. இங்கே கதவைத் திறந்துவிட்டது பல்கலைக்கழகத்தின் சொந்தக் குழு. என் ஊரில் என்னோடு ஓதியவர்களில் பலர் அபூ ஸைதின் முடிவுகளை ஏற்கமாட்டார்கள். நானே சிலவற்றை ஏற்கவில்லை. மறுப்பை ஜாபிரிக்குத் தராபிஷி எழுதியதுபோல் எழுத வேண்டும், வக்கீலை வைத்து எழுதக் கூடாது.

2003இல் காய்ரோப் பேராசிரியர்கள் சிலர் 'மார்ச் 9' என்று பெயர் வைத்தே பல்கலைக்கழகச் சுதந்திரத்துக்காக ஓர் அமைப்பு தொடங்கினார்கள். 2011க்குப் பிறகு துறைத் தலைவர்களையும் பல்கலைக்கழகத் தலைவர்களையும் ஆசிரியர்களே தேர்ந்தெடுத்தார்கள். 2014இல் அந்த நியமன அதிகாரம் ஜனாதிபதிக்குப் போய்விட்டது. லுத்ஃபி அஸ்-ஸய்யிதுகள் எங்கிருந்து வருவார்கள்?

பதவி உயர்வு என்றதும் தரவரிசைப் பைத்தியம் நினைவுக்கு வருகிறது. பெய்ரூட் சமூகவியலாளர் சாரி ஹனஃபி 2011இலேயே சொன்னார்: உலக அளவில் ஆங்கிலத்தில் எழுதினால் உள்ளூரில் செத்துப்போகிறாய், உள்ளூரில் அரபியில் எழுதினால் உலகத்துக்குச் செத்துப்போகிறாய். வளைகுடாப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில இதழில் வந்தால்தான் மதிப்பெண். ஆக, கிராமத்து நீர்ப்பங்கீடு பற்றிய ஆய்வை அந்தக் கிராமத்தார் படிக்கவே முடியாது. 2020இல் அரபு மேற்கோள் அட்டவணை வந்திருக்கிறது, நல்லதுதான். அதையும் எகிப்து அறிவு வங்கியோடு சேர்ந்து ஓர் அயல்நாட்டு நிறுவனம்தான் நடத்துகிறது. இதில் நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்கள் ஆய்வாளர்களே வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள்.

நினைத்தால் உங்களால் முடியும் என்பதற்கு ஷார்ஜா சாட்சி. அரபியின் வரலாற்று அகராதியை அறிஞர் குழுக்களைக் கூட்டி 127 தொகுதிகளாக 2024இல் முடித்துவிட்டார்கள். தோஹாவில் 2013இல் தொடங்கிய இன்னொரு வரலாற்று அகராதி தனியே நடந்தது. பக்கத்துப் பக்கத்து ஊரில் ஒரே வேலைக்கு இரண்டு அகராதி ஏன் என்று கேட்டால் சிரிப்பார்கள், கேட்காமலே இருக்கலாம். இரண்டும் பயன்படும். அகராதிக்குச் செலவிடத் தயங்காத கை, சனாவிலும் ஓம்துர்மானிலும் சம்பளமில்லாமல் இருக்கும் பதிப்பாசிரியர்களுக்கு ஏன் நீளவில்லை என்பதுதான் கேள்வி. சொல்லுக்கு யாரும் பயப்படுவதில்லை, ஆவணத்துக்குப் பயப்படுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

முன்மாதிரிக்கு வெளியே போக வேண்டாம். துனீசியா 1988இலேயே காப்பகச் சட்டம் போட்டது. மொராக்கோ 1970இல் ரபாத் சமூகவியல் நிறுவனத்தையே மூடிய நாடு. பிற்பாடு பழைய அடக்குமுறைகளை விசாரித்த நீதி, சமரச ஆணையம், ஆவணங்கள் முறையாகப் பேணப்படாததே உண்மையைக் கண்டறியப் பெருந்தடை என்று உணர்ந்து தேசியக் காப்பகம் வேண்டும் என்றது. 2007இல் சட்டம் வந்தது, 2011இல் 'மொராக்கோ ஆவணக்காப்பகம்' இயங்கத் தொடங்கியது. சிறையின் கதையைத் தேடப்போய்க் காப்பகத்தைக் கண்டடைந்த நாடு என்று அதைச் சொல்லலாம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன், அரபியில் பெயர்த்துத் தர ஆள் உண்டு. அரபு நாட்டைக் குறை சொல்லலாமா என்று இங்கேயே சிலர் கோபிப்பார்கள், அவர்களும் படிக்கட்டும். நான் கேட்பது நிதி ஒதுக்கீடு இல்லை. காப்பக விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில், மறுத்தால் கையெழுத்தோடு காரணம், அதை எதிர்த்து முறையிட உள்துறைக்கு வெளியே ஓர் இடம். 1900க்கு முந்தைய ஏடுகளுக்குப் பாதுகாப்புச் சான்றே வேண்டாம். ஆய்வு செய்ததற்காக ஒருவர் கைதானால், எந்த நாடானாலும் அலெக்ஸோவின் பெயரில் ஒரு கேள்விக் கடிதம் போக வேண்டும். சனா, கார்த்தூம், காஸா அறிஞர்களுக்கு மற்ற 19 நாடுகளின் காப்பகங்களில் இருக்கை கொடுங்கள், விசா உங்கள் கையில்தான் இருக்கிறது.

இவற்றில் எதுவும் இப்போதைக்கு முடியாது என்றால், அடுத்த அமைச்சர்கள் மாநாட்டில் ஒரே ஒரு பட்டியலையாவது மேசையில் வையுங்கள். சென்ற ஆண்டு உங்கள் நாட்டுத் தேசியக் காப்பகத்துக்கு எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை பேருக்கு அனுமதி கிடைத்தது, எத்தனை பேருக்குப் பதிலே போகவில்லை என்று நாடு வாரியாக. அந்தப் பட்டியலின் மூன்றாவது நெடுவரிசையில் என் பெயரும் இருக்கும்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
சோழமண்டலக் கரையிலிருந்து ஒரு வரலாற்று மாணவன்